திருத்தக் குறிப்புகள் வந்த பிறகு என்ன செய்வது: நாவல் எழுதுகிறவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

என் முதல் நாவலுக்கான திருத்தக் குறிப்புகள் ஒரு ஜூலை மாத மத்தியானம் வந்தன. கச்சான் காற்று புழுதியை வாரி அடித்துக்கொண்டிருந்தது. திருகோணமலை பஸ் நிலையத்தில் நிலாவெளி பஸ்ஸுக்குக் காத்து நின்றேன். ஒன்பது பக்கக் கடிதம் ஒன்று, அதோடு ஓரத்தில் 640 குறிப்புகள் போட்ட பிரதி. நின்ற இடத்திலேயே போனில் திறந்தேன். முதல் பக்கம் முழுக்க நல்லதாகத்தான் எழுதியிருந்தார் எடிட்டர், ஆனால் அதில் ஒரு சொல்கூட என் கண்ணில் படவில்லை. இரண்டாம் பக்கத்தில் இருந்த "ஐந்தாம் அத்தியாயம் வரை இது யாருடைய கதை என்று எனக்குப் பிடிபடவில்லை" என்ற வரிதான் தெரிந்தது. பஸ் வந்தது, போனது, நான் ஏறவில்லை.

இப்போது இரண்டு நாவல்களோடு இந்த வழியில் போய் வந்துவிட்டேன். மூன்றாவதை எழுதிக்கொண்டிருக்கிறேன். முதல் தடவை இதையெல்லாம் யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாமே என்று அடிக்கடி நினைப்பேன், அதனால்தான் இதை எழுதுகிறேன். உணர்ச்சிகளை ஒதுக்கிவைத்துவிட்டு வேலையைப் பார் என்றுதான் பலரும் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எந்தக் குறிப்பைப் படிக்கும்போது கோபம் வந்தது, எதற்கு வெட்கம் வந்தது, எதற்கு அழுகை வந்தது என்று குறித்து வைத்தால், நாவலில் எங்கே கை வைக்க வேண்டும் என்பதை அந்தக் குறிப்பேடே காட்டித் தரும். கீழே வருகிற படிகள் எல்லாம் இதைச் செய்வதற்கான முறைதான்.

1. அனுப்புவதற்கு முன்னால்

என்ன வகையான திருத்தம் கேட்கிறோம் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். எல்லாவற்றையும் 'எடிட்டிங்' என்று ஒரே சொல்லில் சொல்லிப் பழகிவிட்டோம், ஆனால் அது நான்கு தனித்தனி வேலை. கதையின் அமைப்பைப் பார்ப்பது ஒன்று: எங்கே தொடங்குகிறது, யார் சொல்கிறார்கள், எந்த அத்தியாயம் தேவையில்லை என்பவை. இரண்டாவது, வாக்கியம் வாக்கியமாக நடையைப் பார்ப்பது. மூன்றாவது, எழுத்துப்பிழை, ஒற்று, பெயர், வயது, தேதி எல்லாம் முதலிலிருந்து கடைசி வரை ஒன்றுபோல இருக்கிறதா என்று சரிபார்ப்பது. கடைசியாக, அச்சுக்குப் போகிற பக்கங்களில் மெய்ப்பு பார்ப்பது. மெய்ப்புத்தான் பார்த்துத் தருவார் என்று நினைத்து அனுப்பியவருக்கு அமைப்புத் திருத்தம் திரும்பி வந்தால், அது கன்னத்தில் அறைந்தது மாதிரி இருக்கும். இந்த விடயத்தை முதலிலேயே பேசி, என்ன கிடைக்கும், எப்போது கிடைக்கும், காசு எவ்வளவு என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

நம் சூழலையும் இங்கே சொல்ல வேண்டும். இலங்கையில் நம்மில் பலர் சொந்தக் காசில் 300 அல்லது 500 பிரதி அச்சடிக்கிறோம். தெரிந்த ஒருவர் அணிந்துரை தருகிறார், இன்னொருவர் மெய்ப்பு பார்க்கிறார், வெளியீட்டு விழாவில் பொன்னாடை போர்த்தி வாழ்த்துகிறார்கள். அந்த அன்பை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன், என்னை எழுத வைத்ததே அதுதான். ஆனால் அந்த வழியில் வருகிறவருக்கு முன்பின் தெரியாத ஒரு வாசகர் 400 பக்கத்தையும் பென்சிலோடு படித்துவிட்டு "இந்த இடத்தில் எனக்கு அலுத்துவிட்டது" என்று சொல்வது வாழ்க்கையில் முதல் தடவையாக இருக்கும். நான் பத்து வருடம் சிறுகதை எழுதிய பிறகுதான் அதைக் கேட்டேன். அந்த அதிர்ச்சியில் பாதி பழக்கமின்மையால் வருவது என்று தெரிந்து வைத்திருந்தால் கொஞ்சம் உதவும்.

அனுப்புவதற்கு முதல் நாள் ஒரே ஒரு பக்கம் கையால் எழுதுங்கள். இந்த நாவல் யாரைப் பற்றியது, எதற்காக எழுதினேன், எந்த அத்தியாயம் சரியாக வரவில்லை என்று எனக்கே தெரியும், இந்த மூன்றும் போதும். மடித்து ஓர் உறைக்குள் போட்டு ஒட்டிவிடுங்கள். பிறகு இரண்டு தடவை தேவைப்படும்.

அப்புறம், பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்திருந்தால் யுனிகோடுக்கு மாற்றிய பிறகு முழுப் பிரதியையும் ஒரு தடவை கண்ணால் பாருங்கள். கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும், கால் வர வேண்டிய இடத்தில் ரகரம் நிற்கும். இதை நீங்கள் பார்க்காவிட்டால் 640 குறிப்பில் 200 அதுவாகவே இருக்கும், அதைப் படிக்கும்போது உங்களுக்கு எழுதவே தெரியாது என்று தோன்றும்.

2. வந்த அன்று

போனில் திறக்காதீர்கள். மின்னஞ்சல் வந்ததைப் பார்த்ததும் "கிடைத்தது, மிக்க நன்றி. ஆறுதலாக வாசித்துவிட்டு இரண்டு கிழமையில் எழுதுகிறேன்" என்று ஒரு வரி அனுப்பிவிட்டு மூடிவிடுங்கள். மறுநாள் வேலைக்குப் போக வேண்டாத ஒரு நாளை எடுங்கள். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு உட்காருங்கள், இது சின்ன விடயம் இல்லை. கடிதத்தை மட்டும், அதுவும் ஒரு தடவை மட்டும் படியுங்கள். ஓரக் குறிப்புகளை அன்று தொடவே கூடாது. கடிதம் முழு நாவலையும் தள்ளி நின்று பார்த்து எழுதியது, ஓரக் குறிப்பு எடிட்டர் படித்துக்கொண்டு போகும்போதே போட்டது. முதலாவதை உள்வாங்குவதற்குள் இரண்டாவதைப் படித்தால் 640 பேர் ஒரே நேரத்தில் கதைப்பது மாதிரி இருக்கும்.

3. முதல் மூன்று நாள்

இந்த மூன்று நாளில் எந்த முடிவும் எடுக்க முடியாது. உடம்பு விடாது. எனக்கு இரவு நித்திரை வரவில்லை, கடிதத்தின் வரிகள் மனப்பாடமாகிவிட்டன, சோறு இறங்கவில்லை. அந்த நாவலை நான்கு வருடம் விடியப்புறம் நான்கு மணிக்கு எழும்பி, வீடு விழிக்கும் முன்னால் எழுதியிருந்தேன். அதில் வருகிற கிழவி என் அம்மம்மாவின் குரலில் பேசுகிறாள். ஒருவர் "இந்தக் கிழவி அதிகம் பேசுகிறார்" என்று எழுதினால் அது அத்தியாயத்தைப் பற்றிய குறிப்பாக என் காதில் விழவில்லை, செத்துப்போன அம்மம்மாவை வாயை மூடச் சொன்னது மாதிரி விழுந்தது. நாவல் எழுதுகிறவர்களுக்கு இது வரும். வந்தால் உங்களிடம் பிழை இருக்கிறது என்று நினைக்க வேண்டாம்.

நடவுங்கள். நான் பின்னேரம் டச்சுக் குடாக் கரையோரம் நடந்து, கோட்டை வாசலால் ஏறி, மான்கள் மேய்கிற மரநிழல்களைக் கடந்து கோணேசர் கோயில் வரை போய் வருவேன். பாறை விளிம்பில் நின்று கீழே கடலைப் பார்த்தால் மூச்சு ஒரு நிதானத்துக்கு வரும். உங்கள் ஊரில் அப்படி ஓர் இடம் இருக்கும்.

ஒரே ஓர் ஆளிடம் சொல்லுங்கள். பேஸ்புக்கில் எழுத வேண்டாம். அங்கே நண்பர்கள் உங்கள் மேல் உள்ள அன்பில் எடிட்டரைத் திட்டுவார்கள், பிறகு அந்தத் திட்டை நீங்கள் காப்பாற்ற வேண்டி வரும், நாவல் நடுவில் மாட்டிக்கொள்ளும். நான் சொன்னது எனக்குப் படிப்பித்த ஒரு டீச்சரிடம், ஓய்வு பெற்று உவர்மலையில் இருக்கிறார். கடிதத்தை நீட்டினேன். வாங்கவில்லை.

"அதை நான் வாசிச்சு என்ன செய்யிறது பிள்ளை? உனக்கு எங்க எங்க நெஞ்சு அடிச்சுது, அதைச் சொல்லு."

"எல்லா இடத்திலயும்தான் டீச்சர்."

"எல்லா இடமும் ஒரே மாதிரி அடிச்சிருக்காது. போய் ஒவ்வொண்டா எழுதிக்கொண்டு வா."

இந்த வழிகாட்டியின் அடுத்த இரண்டு படியும் அந்த ஒரு பேச்சில் இருந்து வந்தவை.

4. கொப்பியும் பென்சிலும்

பிரதியை ஓரக் குறிப்புகளோடு அச்செடுங்கள். கொம்மியூனிகேஷன் கடையில் செலவாகும்தான், ஆனாலும் செய்யுங்கள். திரையில் படித்தால் உடனே 'ஏற்றுக்கொள்' பொத்தானை அழுத்தவோ பதில் எழுதவோ கை துடிக்கும், கடதாசியில் அந்த வசதி இல்லை. ஒரு நாளைக்கு ஐம்பது, அறுபது குறிப்புக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு குறிப்பையும் படித்ததும், அது சரியா பிழையா என்று யோசிக்காமல், வந்த உணர்ச்சியை ஒரு சொல்லில் பக்கத்தில் எழுதுங்கள். நான் வைத்திருந்தவை ஐந்து: வெட்கம், கோபம், துக்கம், சந்தோசம், ஒன்றுமில்லை. உங்களுக்கு வேறு சொல் வந்தால் அதைப் போடுங்கள். என் கொப்பியில் நடுநடுவே 'பயம்' என்றும் இருக்கிறது, பெரும்பாலும் எங்கள் வீட்டு ஆட்கள் தங்களை அடையாளம் கண்டுபிடித்துவிடக்கூடிய இடங்களில்.

எனக்கு 640 குறிப்பையும் முடிக்க பன்னிரண்டு நாள் எடுத்தது. முடித்த பிறகு இரண்டு நாள் விட்டுவிட்டு, அதே உணர்ச்சி உள்ள குறிப்புகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தேன். அப்போதுதான் டீச்சர் என்ன சொன்னார் என்று விளங்கியது.

5. ஒவ்வோர் உணர்ச்சியும் எதைக் காட்டுகிறது

வெட்கத்திலிருந்து தொடங்குங்கள், அதுதான் மிக நேரானது. வெட்கம் வந்த இடம் நமக்கு முன்பே தெரிந்த இடம். என் நாவலின் பதினாலாம் அத்தியாயத்தில், வருடக்கணக்காக அப்பாவோடு கதைக்காத மகன் மூதூருக்குப் போகிற லாஞ்சியில் அவரைக் காண்கிறான், ஒரே பத்தியில் மன்னித்துவிடுகிறான். எடிட்டர் பக்கத்தில் மூன்று சொல்தான் போட்டிருந்தார்: "ஏன் இந்த அவசரம்?" முகம் சுட்டது. ஏனென்றால் அந்தப் பத்தியை எழுதிய விடியற்காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்தச் சந்திப்பை எழுதப் பயந்து, சீக்கிரம் முடித்துவிட்டு எழும்பிப் போனேன். ஒட்டி வைத்த உறையைத் திறந்து பாருங்கள், இது முதல் தடவை. வெட்கம் என்று குறித்த இடங்களில் பாதிக்கு மேல் அந்தப் பக்கத்தில் உங்கள் கையெழுத்திலேயே இருக்கும். இவற்றை விவாதம் இல்லாமல் திருத்த வேண்டிய பட்டியலில் போடுங்கள்.

கோபம் சிக்கலானது, அதில் இரண்டு வகை கலந்து கிடக்கும். என் நாவலில் பரிமளம் என்று ஒரு பெண். 1990 இல் ஊரே இடம்பெயர்ந்தபோது அவள் போகவில்லை. எடிட்டரின் குறிப்பு: "எல்லாரும் போகும்போது இவர் மட்டும் ஏன் தங்குகிறார்? வாசகருக்குக் காரணம் வேண்டும்." பென்சில் முனை ஒடிந்துபோகிற அளவுக்கு அழுத்தி 'கோபம்' என்று எழுதினேன். அவளுடைய புருசனைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள், அவன் திரும்பி வந்தால் அந்த வீட்டு வாசலுக்குத்தானே வருவான், இதைக்கூடவா விளங்கப்படுத்த வேண்டும்? எங்கள் பக்கத்தில் காணாமல்போன ஒருவருக்காக அதே வீட்டில் காத்திருக்கிற தாயையோ மனைவியையோ அறியாதவர்கள் யார்?

பத்து நாள் கழித்து அந்த அத்தியாயத்தை எடுத்துப் படித்தேன். புருசன் பிடிபட்டது எண்பது பக்கத்துக்கு முன்னால் ஒரு வரியில் இருந்தது. அவன் திரும்பி வருவான் என்று அவள் நினைக்கிறாள் என்பது நாவலில் ஓர் இடத்திலும் இல்லை. எனக்குள்ளே அது அவ்வளவு நிச்சயமாக இருந்ததால் கடதாசிக்கு வரவே இல்லை. ஒரு சின்னக் காட்சி எழுதினேன்: வீட்டுக் கதவின் பூட்டுப் பழுதாகிறது, புதுப் பூட்டுப் போடலாம் என்று தம்பி சொல்கிறான், அவள் விடவில்லை, பழைய திறப்பு அவனிடம் இருக்கிறது என்கிறாள். அவ்வளவுதான். இப்போது அந்தப் புத்தகத்தில் பலரும் என்னிடம் வந்து சொல்கிற இடம் அதுதான். "இவருக்கு எங்களைப் பற்றி என்ன தெரியும்" என்று கோபம் வருகிற இடத்தில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, எனக்குத் தெரிந்ததை நான் எழுதியிருக்கிறேனா என்பது.

மற்ற வகைக் கோபமும் உண்டு, அங்கே எடிட்டர்தான் பிழை. கோபத்தின் காரணத்தை இரண்டு வாக்கியத்தில், எடிட்டரைத் திட்டாமல், நாவலில் இருந்தே ஆதாரம் காட்டி எழுத முடிகிறதா என்று பாருங்கள். பத்து நாளுக்குப் பிறகும் அந்த இரண்டு வாக்கியம் உங்களுக்குச் சரியாகப் பட்டால் அந்தக் குறிப்பை மறுக்கலாம். என் 640 இல் அப்படி மிஞ்சியவை முப்பதுக்குள்தான்.

துக்கம். எழுதவே கஷ்டமாக இருக்கிற பகுதி. எங்கள் தாத்தா வெள்ளைக்காரன் காலத்தில் துறைமுகத்தில் கூலி வேலை செய்தவர். சீனக்குடாவில் நிற்கிற அந்த எண்ணெய்த் தாங்கிகள், 1942 ஏப்ரல் 9 ஆம் தேதி யப்பான் விமானங்கள் வந்து குண்டு போட்ட காலை, தாங்கி ஒன்று எரிந்தது, சனம் வீட்டை விட்டு ஓடியது, 1957 இல் கடற்படைத் தளம் பிரித்தானியரிடமிருந்து இலங்கைக்குக் கைமாறியபோது வேலை போனவர்கள் என்று 38 பக்கம் எழுதியிருந்தேன். ஆறு மாதம் வயசாளிகள் வீட்டுத் திண்ணைகளில் உட்கார்ந்து கேட்டுச் சேர்த்தது. குறிப்பு: "தகவல்கள் அருமை. ஆனால் இந்த 38 பக்கத்தில் உங்கள் பாத்திரங்கள் யாரும் எதையும் விரும்பவில்லை, எதையும் இழக்கவில்லை. மூன்று பக்கம் போதும்."

கோபம் வரவில்லை. அழுதேன். அழுதது நாவலுக்காக இல்லை, அந்த ஆறு மாதத்துக்காகவும் என்னோடு கதைத்து முடித்த பிறகு காலமாகிவிட்ட இரண்டு பேருக்காகவும் என்று பிறகுதான் விளங்கியது. துக்கம் என்று குறித்த இடங்களில் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்: வெட்டினால் நாவலுக்கு என்ன குறையும், எனக்கு என்ன குறையும்? குறைவது எனக்குத்தான் என்றால், வெட்ட வேண்டும், ஆனால் எறியக் கூடாது. அந்த 38 பக்கத்தையும் தனிக் கோப்பில் வைத்தேன். பிறகு அதிலிருந்து ஒரு நீண்ட கட்டுரை எழுதி, கதை சொன்னவர்களின் குடும்பங்களுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நாவலில் மிஞ்சியது மூன்று பக்கம். குண்டுச் சத்தத்துக்கு நடுவில் பாட்டி ஓடிப்போய்க் கிணற்றைத் தகரத்தால் மூடுகிற காட்சி அதில் இருக்கிறது, எரிகிற எண்ணெய்க் கரி தண்ணீரில் விழுந்துவிடும் என்று. அவள் எதையாவது காப்பாற்ற விரும்புகிறாள் அல்லவா, அதனால் அது தங்கியது.

சந்தோசம் என்று குறித்தவற்றைத் தாண்டிப் போய்விடாதீர்கள். பலர் பாராட்டை மரியாதைக்குச் சொன்னது என்று எண்ணி விட்டுவிடுகிறார்கள். நல்ல எடிட்டர் ஒரு வரியின் பக்கத்தில் "இது அருமை" என்று எழுதினால், திருத்தும்போது இதை உடைத்துவிடாதே என்றும் அதற்கு அர்த்தம். நான் எல்லாப் பாராட்டையும் ஒரு தாளில் எழுதி மேசைக்கு மேலே ஒட்டினேன். அவற்றில் பெரும்பாலானவை நான் கஷ்டப்பட்டுச் செதுக்கிய வரிகள் இல்லை, சாதாரணமாக வந்து விழுந்தவை. என் நடை எங்கே உயிரோடு இருக்கிறது என்று அந்தத் தாள்தான் காட்டியது.

'ஒன்றுமில்லை' என்பவை ஒற்றும் எழுத்துப்பிழையும். ஒரே இருப்பில் முடித்துவிடலாம், அதுவும் கடைசியில்.

6. நம் சொற்கள்

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஈழத்து எழுத்தாளர் ஒருவர் சென்னை எடிட்டரிடம் பிரதி கொடுத்தால் இது கட்டாயம் வரும். என் பிரதியில் 'கச்சான் எழும்பிவிட்டது, கடலுக்குப் போகவில்லை' என்று ஒரு வரி. குறிப்பு: "கச்சான் என்றால் இலங்கையில் நிலக்கடலை என்று படித்தேன். இங்கே என்ன எழும்புகிறது?" கேள்வி முழுக்க நியாயமானது. கோயில் திருவிழாவில் சுருள் சுருளாக வாங்கித் தின்கிற கச்சானும், தென்மேற்குப் பருவத்தில் மேற்கிலிருந்து உலர்ந்து வந்து கிழக்குக் கரையை வாட்டுகிற கச்சான் காற்றும் எங்களுக்கு ஒரு சொல்தான். குழம்பியதே இல்லை, அதனால் இன்னொருவர் குழம்புவார் என்று நினைக்கவும் இல்லை.

கதிரை, அலுமாரி, குசினி, சப்பாத்து, பாண், யன்னல், விறாந்தை எல்லாம் போர்த்துக்கேயரோடு வந்த சொற்கள், கந்தோர் ஒல்லாந்தரோடு வந்தது. திருகோணமலையில் இருக்கிற பிரெட்ரிக் கோட்டை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போனது, சொற்கள் எங்கள் வாயிலேயே தங்கிவிட்டன. அவற்றை நாற்காலி, சமையலறை, அலுவலகம் என்று மாற்றினால் அந்த வீட்டில் வேறு யாரோ குடியிருப்பார்கள்.

நான் கடைப்பிடிக்கிற முறை இது. பாத்திரங்கள் பேசுகிற வரிகளில் ஒரு சொல்லையும் மாற்றுவதில்லை. கதை சொல்கிற வரிகளில், முன்னும் பின்னும் உள்ள வாக்கியம் அர்த்தத்தைக் காட்டுகிறதா என்று பார்ப்பேன். 'கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்' என்றால் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. காட்டாவிட்டால் வாக்கியத்தைத் திருத்துவேன், சொல்லைத் திருத்த மாட்டேன். கச்சானுக்கு அப்படித்தான் செய்தேன்: உதடு வெடிக்கிறது, கூரைத் தகரம் படபடக்கிறது, மண் கண்ணில் அடிக்கிறது, அப்புறம் அந்தச் சொல் வருகிறது. இரண்டு வழியும் சரிவராத ஐந்தாறு சொல்லுக்கு மட்டும் கடைசிப் பக்கத்தில் அருஞ்சொல் விளக்கம், கச்சானையும் ஒரு பாதுகாப்புக்கு அதில் போட்டு வைத்திருந்தேன். எடிட்டர் ஒரு சொல்லைப் 'பிழை' என்று குறித்தால் 'க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி'யைத் திறந்து காட்டுங்கள், அதில் இலங்கை வழக்குச் சொற்கள் அப்படியே அடையாளமிட்டு இருக்கின்றன. வாதத்தை அது பாதியில் முடித்துவிடும்.

7. பதில் எழுதுவது

எல்லாக் குறிப்புக்கும் பதில் வேண்டாம். ஒரு பக்கக் கடிதம் போதும். எந்தக் குறிப்புகள் உங்களுக்கு வழி திறந்தன என்று இரண்டு மூன்றைப் பெயர் சொல்லி எழுதுங்கள், வெறும் 'நன்றி'யைவிட அது எடிட்டருக்குப் பயன்படும். அடுத்து, விளங்காத குறிப்புகள். கடைசியாக, செய்யப்போவதில்லை என்று தீர்மானித்தவை, ஒவ்வொன்றுக்கும் அந்த இரண்டு வாக்கியக் காரணத்தோடு. குற்றம் செய்தவர் மாதிரி எழுத வேண்டியதில்லை, வழக்காடவும் வேண்டியதில்லை.

பிறகு வட்ஸ்அப்பில் ஒரு தடவை குரலில் கதையுங்கள். எழுத்தில் கடுமையாகத் தெரிந்த எடிட்டர் குரலில் அப்படி இருக்கவில்லை, பதினாலாம் அத்தியாயத்தை இரண்டு தடவை படித்ததாகச் சொன்னார், முதல் தடவை அவசரத்தைக் கவனிக்கவில்லையாம், அப்பாவை நினைத்து அழுதாராம். இதைக் கடிதத்தில் எழுதியிருக்கவே மாட்டார். "பிடித்ததா?" என்று கேட்க வேண்டாம். "எந்தப் பக்கத்தில் வாசிப்பதை நிறுத்தி எழும்பிப் போனீர்கள்?", "முடித்து ஒரு கிழமைக்குப் பிறகு எது நினைவில் நின்றது?" என்று கேளுங்கள்.

8. திருத்தும் வரிசை

பெரியதிலிருந்து சின்னதுக்கு. அத்தியாயங்களைச் சேர்ப்பது, வெட்டுவது, இடம் மாற்றுவது எல்லாம் முடியும் வரை ஓர் ஒற்றையும் தொடாதீர்கள், நாளைக்கு வெட்டப்போகிற பக்கத்துக்கு இன்று சந்தி பார்ப்பதில் பயன் இல்லை. நான் ஒவ்வோர் அத்தியாயத்துக்கும் ஓர் அட்டை எழுதி, விறாந்தையில் பரப்பி வைத்து நகர்த்திப் பார்த்தேன். 'யாருடைய கதை' என்ற அந்தக் கேள்விக்கு விடை அங்கேதான் கிடைத்தது: பரிமளம் ஏழாம் அட்டையில் வந்தாள், அவளை முதல் அட்டைக்குக் கொண்டுவந்ததும் மற்றவை தாமாக இடம் மாறின. வேர்டில் டிராக் சேஞ்சஸ் வழியாக எடிட்டர் குறித்து வைத்த மாற்றங்களை மொத்தமாக ஏற்க வேண்டாம். அசல் பிரதியைத் தொடாமல் வைத்து, புதுக் கோப்புக்குத் தேதியோடு பெயர் வையுங்கள்.

பாதி வழியில் ஒரு நாள் வரும், இது என் நாவலே இல்லை என்று தோன்றும். இரண்டாம் நாவலில் எனக்கு அது ஒரு மாதம் நீடித்தது, மேசைப் பக்கமே போகவில்லை. உறையை இரண்டாம் தடவை திறக்கிற நேரம் இதுதான். எதற்காக எழுதினேன் என்று நீங்களே எழுதியதைப் படியுங்கள். அது இன்னும் பிரதியில் இருக்கிறதென்றால் தொடருங்கள். இல்லையென்றால் எந்த மாற்றத்தில் போனது என்று பின்னோக்கித் தேடி அதை மட்டும் திரும்பக் கொண்டுவாருங்கள்.

9. விலக வேண்டிய இடம்

எல்லா எடிட்டரும் நல்லவர்கள் என்று நான் சொல்லவில்லை. இரண்டாவது நாவலை முதலில் படித்த ஒருவர், அதில் வருகிற ஒரு கிழவியின் பேச்சை வாசகர் சகிக்க மாட்டார், இந்தச் சனங்களின் துயரம் எல்லாருக்கும் அலுத்துவிட்டது, காதல் கதையாக மாற்றுங்கள் என்று எழுதினார். கொப்பியில் எழுத ஒரு சொல்லும் வரவில்லை. குறிப்புகள் நீங்கள் எழுதிய நாவலைச் செம்மையாக்கச் சொல்கின்றனவா, வேறொரு நாவலை எழுதச் சொல்கின்றனவா என்று பாருங்கள். இரண்டாவது என்றால் பேசிய காசைக் கொடுத்து, நன்றி சொல்லி விலகிவிடுங்கள். நான் அப்படித்தான் செய்தேன், ஒரு நாளும் வருந்தியதில்லை.

10. இரண்டாம் சுற்று

திருத்திய பிரதியை அனுப்பிய பிறகு காத்திருக்கிற கிழமைகளில் அந்த நாவலைத் திறக்காதீர்கள். வேறு ஏதாவது எழுதுங்கள், அல்லது எழுதாமல் இருங்கள்.

எனக்கு இரண்டாம் கடிதம் மார்கழியில் வந்தது. வாடைக்காற்று, விடாத மழை. அச்செடுத்து, சனிக்கிழமை காலை சாப்பிட்ட பிறகு மேசையில் வைத்துப் படித்தேன். ஒன்பது பக்கம் இரண்டு பக்கமாகியிருந்தது. ஓரக் குறிப்புகள் 71, அன்றைக்கே கொப்பியை எடுத்து ஒவ்வொன்றுக்கும் சொல் எழுதத் தொடங்கினேன். முதல் குறிப்பு பதினோராம் பக்கத்தில், அந்தக் காற்று வரிக்குப் பக்கத்தில் இருந்தது. "இப்போது தெரிகிறது. கச்சானை அருஞ்சொல் பட்டியலில் இருந்து எடுத்துவிடலாம்."

எடுத்துவிட்டேன்.